நிலைநிறுத்தியின் ஐந்து உறுப்புகள்

நடந்துகொண்டே படம் பிடித்தால் காட்சி குலுங்கும். அக்குலுக்கத்தை அடக்கும் கருவியே நிலைநிறுத்தி. அமெரிக்க ஒளிப்பதிவாளர் காரெட் பிரவுன் 1970-களில் இதனை ஆக்கினார். 1976-இல் வெளிவந்த ‘பவுண்ட் ஃபார் குளோரி’ என்னும் திரைப்படத்தில் இது முதன்முதலாகப் பயன்பட்டது. உடலில் பூட்டிக்கொள்ளும் அப்பெருங் கருவியின் தத்துவமே, மின்விசையின்றி எடையால் நிற்கும் சிறு கைக்கருவியிலும் உள்ளது.

சென்ற பொங்கல் விழாவில் அத்தகைய கருவி ஒன்றில் காமிராவை அவசரமாக மாட்டினோம். அது முன்புறம் சாய்ந்தது. அடியில் எடையைக் கூட்டினோம், ஊசல்போல் ஆடிற்று. கோலாட்டம் முடியும்வரை திருகிக்கொண்டே இருந்தோம். அந்த ஆட்டம் இன்று படத்தில் இல்லை. எந்தக் குறைக்கு எந்த உறுப்பு மருந்து என்பதை அறியாததே காரணம். ஆதலின் உறுப்புகளை முதலில் அறிவோம்.

மேல்தட்டு: காமிரா அமரும் இடம். இதனை முன்பின்னாகவும் இடம் வலமாகவும் நகர்த்தலாம். சாய்வைத் திருத்துவது இதுவே. அடியிலுள்ள எடை அன்று.

நடுத்தண்டு: காமிராவையும் எடையையும் இரு முனைகளில் விலக்கி வைப்பது. பளு விலகி நிற்பதால் கருவி எளிதில் திரும்பாது. கழைக்கூத்தாடியின் நீண்ட கழியும் இவ்வாறே உதவுகிறது அன்றோ!

கிம்பல்: தண்டைத் தழுவிய வளையமும் அச்சுகளும். கையின் அசைவு காமிராவுக்கு ஏறாமல் தடுப்பது. கருவி முழுவதின் எடைமையத்துக்குச் சற்றே மேலே இது நிற்க வேண்டும்.

கைப்பிடி: தாங்குவதற்கு மட்டுமே. திசை திருப்ப, மற்றொரு கையின் விரல்கள் தண்டை மெல்லத் தொட்டால் போதும்.

கீழ்த்தட்டு: எடைவில்லைகள் ஏறும் இடம்.

இனிச் சமன் செய்யலாம். பாட்டரி, லென்ஸ் யாவும் பொருத்திய பின்னரே தொடங்குக. பின்பு ஒன்றைச் சேர்த்தாலும் சமன் கெடும். மேல்தட்டால் சாய்வை நீக்குக. அடுத்து, தண்டைக் கிடையாகப் பிடித்து விடுக. மறுகை அருகில் இருக்கட்டும். இரண்டு மூன்று வினாடிகளில் நிமிர்ந்தால் நன்று. சட்டென நிமிர்ந்தால் அடிப்பளு மிகுதி, வில்லையைக் குறைக்க. நிமிரத் தயங்கினால் வில்லையைக் கூட்டுக, அல்லது கிம்பலைச் சிறிது உயர்த்துக.

நண்பர்களே, கருவியை மேசைமேல் வைத்து, ஐந்து உறுப்புகளின் பெயரையும் பணியையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு திருகைத் தொடுங்கள். வருகிற விழாவின் கோலாட்டமேனும் நமக்குக் கிட்டும்.