கடுக்காய்: சீனம் வரை சென்ற நம் கனி

மாலையில் கடுக்காய்த் தூள் உட்கொள்ளும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகியவற்றுடன் சேர்ந்து திரிபலையாவதும் இக்கனியே. இது சீன மருத்துவத்திலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது என்பதைப் பலர் அறியார்.

வடமொழியில் ஹரீதகீ, பாரசீகத்தில் ஹலிலா என வழங்கிய இக்கனி, சீனத்தில் ‘ஹெலிலே’ எனப் பெயர் பெற்றது. அயல்நாட்டிலிருந்து வந்த மருந்து என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. கி.பி. 659இல் தாங் அரசு வெளியிட்ட மருந்துநூலில் இது இடம்பெற்றது. திபெத்திய ஓவியங்களில் மருத்துவ புத்தர் கையில் ஏந்துவதும் கடுக்காயையே.

வியப்பு யாதெனில், நாம் மலச்சிக்கலுக்கு உண்ணும் இக்கனியைச் சீன மருத்துவர்கள் நாட்பட்ட வயிற்றுப்போக்கிற்கு வறுத்துக் கொடுக்கின்றனர். கடுக்காயில் மலத்தை இளக்கும் பொருள்களும் உண்டு. குடலை இறுக்கும் துவர்ப்பொருள்களும் உண்டு. தோல் பதனிட அது பயன்படுவது இத்துவர்ப்பினால்தான். ஆகவே பக்குவமும் அளவும் மாறினால் பயனும் மாறும். கொட்டையை நீக்கியே பயன்படுத்த வேண்டும் என்று நம் முன்னோர் வகுத்ததும் இத்தகைய கவனத்தினாலேயே.

இதிலிருந்து நோயாளிகளுக்கு நாங்கள் கூற விரும்புவன சில. துவர்ப்பொருள், இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்; எனவே இரும்புச்சத்து மாத்திரையையும் கடுக்காயையும் ஒரே வேளையில் உட்கொள்ளலாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர், கருவுற்ற தாய்மார், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனை உண்ண வேண்டா. சித்த மருந்து வேண்டுவோர் தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் தகுதி பெற்ற மருத்துவரை அணுகலாம்.

எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்று. நாற்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக மலச்சிக்கல் தோன்றினாலோ, எந்த வயதினருக்கும் மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, கடுக்காயை நம்பி நாள்களைக் கடத்தலாகாது. அவை குடற்புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். தொடக்கத்தில் கண்டறிந்தால் அந்நோயைக் குணப்படுத்த இயலும்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உண்ணும் சூரணம், லேகியம் அனைத்தையும் எங்களிடம் கூறுங்கள். பெயர் தெரியாவிடின் பொட்டலத்தையே எடுத்து வாருங்கள். அதற்காக நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்; உங்கள் மருந்துகளை அதற்கேற்ப அமைத்துத் தருவோம்.