கட்டி என்றதும் கத்தி வேண்டாம்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

பணியில் சேர்ந்ததிலிருந்து மார்பில் கட்டி என்று வரும் பெண்களைப் பார்த்துத் திகைத்துப்போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ‘பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான், ஆனாலும் ஒரு புற்றுநோயைத் தவறவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில் எல்லோரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன்’ என்றும் சொல்லியிருந்தீர்கள். உங்களைப் போல் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது. வயது குறைவு என்பதற்காக மட்டும் யாரையும் விட்டுவிட முடியாது. அதற்காக எல்லோரையும் அனுப்பிவைப்பதோ எல்லோருக்கும் அறுவை செய்வதோ சரியாகாது. கையால் ஒரு சோதனை, படத்தால் ஒன்று, தேவைப்பட்டால் திசுவால் ஒன்று. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நிம்மதியாக நம்பலாம். ஒன்று மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், மற்ற இரண்டும் எவ்வளவு ஆறுதலாக இருந்தாலும், அந்த ஒன்றை விடாதீர்கள்.

கையை அவசரப்படுத்தாதீர்கள். ஒரு திரை வேண்டும், பக்கத்தில் ஒரு செவிலியர் வேண்டும். கட்டி எங்கே என்று முதலில் வந்த பெண்ணையே விரலால் காட்டச் சொல்லுங்கள். பல வாரங்களாக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். பிறகு படுக்கவைத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்குக் கீழே வைக்கச் சொல்லி, நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தால் நல்ல மார்பிலும் கட்டி இருப்பதுபோலத்தான் தோன்றும். அக்குளையும் காறை எலும்புக்கு மேலேயும் பார்க்காமல் முடிக்காதீர்கள். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மார்பு முழுக்கவே முடிச்சு முடிச்சாக இருக்கும். தனிக் கட்டி ஏதும் இல்லாமல் அப்படி இருந்தால், விலக்கு முடிந்த பின் ஒருமுறை வரச் சொல்லிப் பாருங்கள்.

கல்லூரிப் பெண்கள் கொண்டுவரும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா. வழவழப்பாக, ரப்பர் பதத்தில், வலியில்லாமல், விரல் பட்டதும் நழுவி ஓடும். அந்த ஓட்டத்தை ஒருமுறை உணர்ந்துவிட்டால் கை மறக்காது. அல்ட்ராசவுண்டிலும் ஓரம் தெளிவாக, முட்டை வடிவில், படுத்த வாக்கில் தெரிந்தால் ஏறக்குறைய உறுதி. பிரிட்டனில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இப்படி எல்லாம் பொருந்தினால் பயாப்ஸிகூட எடுப்பதில்லை. அதற்கு மேற்பட்ட வயதுக்கு ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிடுங்கள், எஃப்.என்.ஏ.சி.யைவிட கோர் பயாப்ஸி தெளிவான விடை தரும். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே, அப்படிப் பரவாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இங்கேதான் உங்களுக்குச் சோதனை. ‘கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துடுங்க டாக்டர்’ என்று அம்மா அழுவார். பெண் வாய் திறக்கமாட்டாள். ஐந்து நிமிடம் அவளோடு தனியாகப் பேசுங்கள். இது புற்றுநோயாக மாறும் கட்டி அல்ல, பல கட்டிகள் அப்படியே நின்றுவிடும், சில சுருங்கியும் போகும், பிள்ளை பெறவோ பால் கொடுக்கவோ தடையில்லை என்று சொல்லுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, எல்லாம் கேட்ட பிறகும் அவளே எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாலோ எடுக்கலாம். கல்யாணத் தேதி மட்டும் அறுவைக்குக் காரணமாக முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் சில மாதங்களில் மளமளவென்று பெருத்த கட்டியைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. அது ஃபில்லோட்ஸ் வகையாக இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

வலியோடு வருபவர்கள் இன்னும் அதிகம். தனிக் கட்டி இல்லாத, இரண்டு பக்கமும் மாதத்தோடு ஏறி இறங்கும் வலி புற்றுநோயின் அடையாளம் அல்ல. அதைத் தெளிவாகச் சொன்னாலே பெரும்பாலானவர்களுக்குப் பாதி வலி குறைந்துவிடுகிறது. ஒரே இடத்தில் குத்தும் வலி என்றால் அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மார்பு சரிந்து விலகியதும் விலா எலும்பை அழுத்துங்கள். அங்கே வலித்தால் நோவு மார்பில் இல்லை, விலாவில். அளவு சரியான உள்ளாடை, டைக்ளோஃபெனாக் ஜெல் இவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஈவினிங் பிரிம்ரோஸ் மாத்திரையை மாதக்கணக்கில் எழுதித் தராதீர்கள். அது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாகப் பயன் தருவதில்லை, ஏழைப் பெண்ணின் காசுதான் போகும்.

தாங்க முடியாத வலிக்கு நம் நாட்டிலேயே ஒரு வழி உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமேன், ‘சகேலி’ என்ற கருத்தடை மாத்திரையாக 1991-இல் வந்தது. அது மார்பு வலிக்கும் உதவுகிறது என்பதை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே கொடுங்கள்; விலக்கு தள்ளிப்போகலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; குழந்தைக்காகக் காத்திருப்பவருக்கு வேண்டாம்.

ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபைப்ரோசிஸ்டிக் டிசீஸ்’ என்று ஒரு வரி இருந்தால் வீடே கலங்கிப்போகும். கார்டிஃபைச் சேர்ந்த ஹியூஸ், மான்செல், வெப்ஸ்டர் மூவரும் 1987-இலேயே இவற்றில் பெரும்பாலானவை நோய் அல்ல, மார்பு வளர்வதிலும் சுருங்குவதிலும் நேரும் சிறு பிறழ்வுகள் என்று விளக்கிவிட்டார்கள். உங்கள் வாயால் அதை ‘நோய்’ என்று சொல்லாதீர்கள். நாற்பதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டி வரும். பெரிதாகி வலித்தால் ஊசியில் உறிஞ்சிவிடலாம். வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ நீர் வந்து, விரலுக்குக் கீழே கட்டி மறைந்துவிட்டால் வேலை முடிந்தது. நீரில் ரத்தம் கலந்திருந்தாலோ கட்டி மிச்சமிருந்தாலோ முடியவில்லை. காம்புக் கசிவிலும் அப்படித்தான்: இரு பக்கமும், பல துளைகளிலிருந்து, அழுத்தினால் மட்டும் வருவது அநேகமாகச் சாதாரணம். ஒரு பக்கம், ஒரே துளையிலிருந்து, தானாக, ரத்தமாக வந்தால் உடனே அனுப்புங்கள். பால்போல் வந்தால் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். வாந்திக்கும் நெஞ்செரிச்சலுக்கும் கொடுக்கும் டாம்பெரிடோனே காரணமாக இருக்கலாம்.

பால் கொடுக்கும் தாய் காய்ச்சலோடு, சிவந்து வீங்கிய மார்போடு வருவார். ‘இந்தப் பக்கம் பால் கொடுக்காதே’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். நிறுத்தினால்தான் பால் கட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். குழந்தைக்கு அந்தப் பாலால் கெடுதல் இல்லை. கொடுக்கவோ மெதுவாகப் பீய்ச்சி எடுக்கவோ சொல்லுங்கள். இரண்டு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தும் இறங்கவில்லையென்றால் அல்ட்ராசவுண்ட் பாருங்கள். ‘பழுக்கட்டும், அப்புறம் கீறலாம்’ என்பது மார்புக்குப் பொருந்தாது. பழுக்கும்வரை காத்திருந்தால் உள்ளே திசு அழியும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியில் சீழை எடுத்து, தேவைப்பட்டால் சில நாள் கழித்து மறுபடியும் எடுத்தால், பல தாய்மார்களுக்குக் கீறவே வேண்டாம். தோல் மெலிந்து உடையும் நிலையில் இருந்தால் மட்டும் கீறுங்கள்.

பால் கொடுக்காத பெண்ணுக்குச் சீழ் திரும்பத் திரும்ப வந்து, புரையோடிக்கொண்டே இருந்தால் நம் ஊரில் காசநோயை நினைக்காமல் இருக்கக் கூடாது. கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸும் இதே முகத்தோடுதான் வரும். அதற்கு ஸ்டீராய்டு கொடுக்க நேரும், காசநோய்க்கு அதுவே கேடு. எனவே திசுவை எடுத்து, காசநோய்க்கான சிபி-நாட் சோதனைக்கும் அனுப்பிவிட்டுத்தான் மருந்து. ஆன்டிபயாடிக் முடிந்து இரண்டு வாரத்தில் சிவப்பு போகவில்லையா, தோல் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக ஆகிறதா? அவர் எவ்வளவு இளம் தாயாக இருந்தாலும் சரி, பயாப்ஸி எடுக்க வேண்டும்.

பரிசோதித்ததை ஓ.பி. சீட்டில் முழுமையாக எழுதுங்கள்: வலது மார்பு, 10 மணி திசை, காம்பிலிருந்து 3 செ.மீ., அளவு 2 செ.மீ., நழுவுகிறது, அக்குளில் ஒன்றும் இல்லை, ஆறு மாதத்தில் மறு ஸ்கேன். தேதியை அவருக்கும் தமிழில் எழுதிக்கொடுங்கள், கட்டியின் பெயரோடு. நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வரும் டாக்டர் அதே இடத்தில் விரல் வைத்து, வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று அளந்து பார்க்க முடியும்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா