ஒரே அடாப்டரில் ஐந்து பெடல்கள்
(இசைக்குழுப் பிள்ளைகளுக்கான பாடம்)



இந்த மாதப் பாடப்பகுதி இசைக்குழுவில் இருக்கிற வாலிபத் தம்பிமார்களுக்கும், அவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கிற தாய் தகப்பன்மாருக்கும் உரியது. கிட்டாரைத் தொட்டே பார்க்காத மூப்பர்களும் தயவாய் வாசியுங்கள். காணிக்கையில் வாங்கின பொருள் ஒரு சின்ன ஒயர் தவறினால் புகைந்துபோவதை நாம் பார்க்கிறோம். அதைவிட முக்கியம், மேடையில் மைக் பிடித்து நிற்கிறவரின் உயிரும் இதிலே அடங்கியிருக்கிறது.

பெடல் என்றால் என்ன? கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில், காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், அது ஓவர்டிரைவ். ஒன்று எதிரொலி கொடுக்கும், அது டிலே. ட்யூனர், கோரஸ், ரிவெர்ப் என்று இன்றைக்கு மயிலாப்பூர், அடையாறு பக்கத்துச் சின்ன ஜெபவீடுகளிலும் நாலைந்து பெட்டிகள் வரிசையாய் இருக்கின்றன. பெரும்பாலானவை 9 வோல்ட் டி.சி.யில் ஓடுகிறவை. ஐந்து பெட்டிக்கு ஐந்து அடாப்டர் செருகினால் எக்ஸ்டென்ஷன் போர்டு நிரம்பிவிடும், கீபோர்டுக்கு இடம் இருக்காது. அதனால், "பாஸ்டர், எல்லாத்துக்கும் ஒரே அடாப்டர் போட்டுக்கலாமா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் சில காரியங்களைப் பார்த்துவிட்டுப் போடவேண்டும்.

முதலில் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. டிரான்சிஸ்டர் ரேடியோவில் போடுவோமே, அதே சதுரமான 9 வோல்ட் பேட்டரிதான் பெடலுக்கும். நல்ல அல்கலைன் பேட்டரி ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர்-மணி கொடுக்கும். சாதாரண ஓவர்டிரைவ் 5, 10 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், வாரக்கணக்கில் ஓடும். டிஜிட்டல் டிலே அப்படியல்ல. பாஸ் கம்பெனியின் டிடி-7 மாடல் 55 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இராமுழு ஜெபத்திலே விடியற்காலம்வரை தாங்குவதே கஷ்டம். இன்னொன்று: பல பெடல்களில் கிட்டார் கார்டைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கிவிடும். பெடலை மிதித்து அணைத்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கார்டைப் பிடுங்காமல் வீட்டுக்குப் போனவர், அடுத்த ஞாயிறு செத்த பேட்டரியைத்தான் பார்ப்பார்.

சரி, அடாப்டருக்கு வருவோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேட்டரி எலிமினேட்டர் என்று ஒரு கறுப்புப் பெட்டி கிடைக்கும். 3, 4.5, 6, 9, 12 வோல்ட் என்று ஒரு சுவிட்ச், பிளஸ் மைனஸை மாற்ற இன்னொரு சுவிட்ச். ரேடியோவுக்கு அது போதும், பெடலுக்கு வேண்டாம். இவற்றில் பலவற்றுக்கு ரெகுலேட்டர் கிடையாது. 9-ல் வைத்தாலும், சுமை குறைவாயிருந்தால் 12, 13 வோல்ட் வரைக்கும் ஏறி நிற்கும். அதோடு மின்சாரத்தின் இரைச்சலும் கலந்து வரும். நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சரியாக வடிகட்டப்படாத சப்ளையில் அது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கும். அந்தச் சுருதி தாழ்ந்த ஜி-க்குச் சற்று மேலே இருப்பதால், ஜி ஸ்கேலில் பாடும்போது ஓரளவு ஒளிந்துகொள்ளும். பாடல் ஸ்கேல் மாறினவுடனே வெளியே வந்துவிடும்! ஆகவே "ரெகுலேட்டட்" என்று எழுதியிருக்கிற, பெடலுக்கென்றே செய்த சப்ளையை வாங்குங்கள்.

அடுத்து, முள்ளின் நடுப்பாகம். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடுவில் மைனஸ், வெளி வளையம் பிளஸ். நம் சபைகளில் நடக்கிற விபத்து எதுவென்றால், யமஹா சின்ன கீபோர்டின் அடாப்டரை எடுத்துப் பெடலில் செருகுவது. அது 12 வோல்ட், நடுவில் பிளஸ். வோல்ட்டும் தப்பு, திசையும் தப்பு, ஆனால் பல பெடல்களில் முள் மட்டும் அழகாய்ப் புகுந்துவிடும். பெடலுக்குள் காவலாக ஒரு டயோடு இருந்தால் அது எரிந்து மற்றதைக் காப்பாற்றக்கூடும். இல்லாவிட்டால் பெடலே போய்விடும். பழைய மாதிரி ஜெர்மானியம் ஃபஸ் பெடல்கள் சிலவற்றில் பிளஸ்தான் பூமி. அவற்றை மற்றவற்றோடு ஒரே ஒயரில் கோர்த்தால் கிட்டார் கார்டு வழியாக ஷார்ட் ஆகிவிடும். அதைத் தனி பேட்டரியில் விட்டுவிடுங்கள். இன்னும் சில பெடல்கள் டி.சி.யே அல்ல, ஏ.சி. கேட்கும். பழைய பச்சை நிற லைன் 6 டிஎல்4 அப்படிப்பட்டது, 9 வோல்ட் ஏ.சி. 2022-ல் வந்த புதிய டிஎல்4 டி.சி.யில் ஓடுகிறது. பெயர் ஒன்று, பசி வேறு.

மில்லி ஆம்பியரைக் குறித்துப் பலருக்கு ஒரு பயம் உண்டு. "அடாப்டர் 1700 மில்லி ஆம்பியர், பெடல் 10தான், எரிஞ்சிடாதா?" எரியாது. வோல்ட் என்பது அடாப்டர் தள்ளுகிறது. ஆம்பியர் என்பது பெடல் தனக்கு வேண்டியமட்டும் எடுத்துக்கொள்வது. மாடித் தொட்டி எவ்வளவு பெரிதானாலும், திறந்த குழாயின் அளவுக்குத்தானே தண்ணீர் வரும்? ஆபத்து குறைவாயிருப்பதில்தான். எல்லாப் பெடல்களின் கணக்கையும் கூட்டி, அதற்குமேல் கால்பங்காவது மிச்சம் இருக்கிற சப்ளையை எடுங்கள். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவெர்புக்கு மட்டும் 300 வேண்டும். இப்போது வாலிபர் விரும்பி வாங்குகிற ஹெச்எக்ஸ் ஸ்டாம்புக்கு அதோடு வருகிற அடாப்டரே 3000 மில்லி ஆம்பியர். அதை மற்றவற்றோடு கோர்க்கவே வேண்டாம்.

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வோல்ட் சரி, முள் சரி, கணக்கும் சரி. ஆனாலும் டிலேயைச் சேர்த்தவுடன் "ஈஈ" என்று ஒரு கீச்சுச் சத்தம். ஏன்?

ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து தலை உள்ள ஒயரில் பெடல்களைக் கோர்க்கிறோம். இதற்கு டெய்ஸி செயின் என்று பேர். இதிலே எல்லாப் பெடல்களின் மைனஸும் ஒன்றுதான். அதே பெடல்களின் மைனஸ் கிட்டார் கார்டின் வெளிவலை வழியாகவும் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. திரும்பிப் போகிற கரண்டுக்கு இப்போது இரண்டு வழி. தி.நகரில் நெருக்கமாய் நிற்கிற வீடுகளுக்கு ஒரே சாக்கடை இருந்தால் என்ன ஆகும்? மேல்வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்த்தால் கீழ்வீட்டு முற்றத்தில் பொங்கும். டிஜிட்டல் பெடல் ஒரே சீராய்க் கரண்ட் இழுக்காது. விநாடிக்கு ஆயிரக்கணக்கான தரம் விட்டு விட்டு இழுக்கும். அந்தத் துடிப்பில் ஒரு பங்கு கார்டின் வலை வழியே திரும்பும்போது, மிகச் சிறிய வோல்ட்டாகப் பாட்டோடு கலந்துவிடுகிறது. ஓவர்டிரைவ் அதைப் பல நூறு மடங்கு பெருக்கிவிடும்.

ஓவர்டிரைவ் போன்ற அனலாக் பெடல்கள் மூன்று நான்கு மட்டும் இருந்தால் டெய்ஸி செயின் தாராளமாய்ப் போதும். வீணாகப் பணம் செலவழிக்காதீர்கள். டிஜிட்டல் கலந்தால்தான் பிரச்சனை.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. கீச்சிடுகிற பெடலை மட்டும் செயினிலிருந்து கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றதா? சப்ளையைப் பங்கிட்டதுதான் காரணம். நிற்கவில்லையா? கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாய்த் திரும்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால், அது கிட்டாரின் பிக்கப் டியூப்லைட் சோக்கிலிருந்தோ ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தோ வாங்குகிற சத்தம். அதற்காக ஆயிரக்கணக்கில் பவர் சப்ளை வாங்கிப் பிரயோஜனமில்லை, ஃபேனை அணையுங்கள்.

காரணம் பங்கீடுதான் என்று தெரிந்தால், "ஐசொலேட்டட்" சப்ளை வேண்டும். வெளியே பார்க்க ஒரே பெட்டி. உள்ளே ஒவ்வொரு வாய்க்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனிச்சுற்று, தனி ரெகுலேட்டர். ஒரு வாயின் மைனஸுக்கும் இன்னொரு வாயின் மைனஸுக்கும் தொடர்பு இராது. ஆனால் பெட்டிமேல் அப்படி அச்சடித்திருப்பதை மட்டும் நம்பவேண்டாம். மவுண்ட் ரோட்டில் 1842-ல் ஆரம்பித்த மியூசி மியூசிக்கல் ஆனாலும், ரிச்சி ஸ்ட்ரீட்டுக் கடையானாலும், மல்டிமீட்டரோடு போங்கள். சப்ளையை மெயினிலிருந்து பிடுங்கி, பெடல் எதையும் மாட்டாமல், இரண்டு வாய்களின் மைனஸையும் மீட்டரில் தொட்டுப் பாருங்கள். "பீப்" என்று சத்தம் வந்தால் உள்ளே எல்லாம் ஒன்றுதான்; டெய்ஸி செயினுக்குச் சட்டை போட்டு விற்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருகிற சப்ளையிலும் கவனம் தேவை. லேபிளில் 100-240 வோல்ட் என்றிருந்தால் இங்கே செருகலாம். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230-ல் செருகின மாத்திரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட காரியம். இரைச்சல் நிற்கவில்லை என்றதும் ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. மூன்று முள்ளுக்கு இரண்டு முள் கன்வெர்ட்டர் போடுவதும், ஒயரைத் தீக்குச்சி வைத்துச் செருகுவதும் அதே வகைதான். இரைச்சல் குறையும், உண்மை. ஆனால் ஆம்ப்பில் கசிவு வந்தால் அந்தக் கரண்ட் போக எர்த் இல்லை. கிட்டார் கம்பி வழியாய் வாசிக்கிறவரின் கையில் காத்திருக்கும். அவர் உதடு மைக்கில் பட்டால் சுற்று முடிந்தது. 1972 மே 3-ஆம் தேதி பிரிட்டனில் ஸ்வான்சி பட்டணத்து மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் வாசிப்பாளர் மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் மின்சாரம் தாக்கி மரித்தார். 2005 அக்டோபர் 30, ஞாயிறு காலை, அமெரிக்காவில் வேகோ பட்டணத்தில் கைல் லேக் என்ற போதகர் ஞானஸ்நானத் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்டார். சபையார் கண்முன்னே மின்சாரம் தாக்கியது, பிழைக்கவில்லை. அங்கே பெடல் எதுவும் காரணமல்ல. ஆனாலும் நம்மில் எத்தனை சபைகளில் தொட்டியும் மேடையும் பக்கத்திலே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஆம்ப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் வருகிற இரைச்சலைப் பெடல் சப்ளை தீர்க்காது. அதற்கு டி.ஐ. பாக்ஸ் வைத்து, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். அது பாட்டு ஒயரின் பூமியை மட்டும் பிரிக்கும். மெயின் எர்த்தைத் தொடாது. மைக்கைத் தொட்டதும் சுரீர் என்றால் "பழகிப்போச்சு பாஸ்டர்" என்று சொல்லவேண்டாம், உடனே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு மண்டபம் எடுக்கும்போது மேடைச் சாமான்கள் எல்லாம் ஒரே பேஸிலிருந்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள போர்டு வழியாக வரும்படி முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமை பயிற்சிக்கு வருகிற தம்பிமார் தங்கள் பெடல்களைத் திருப்பி, லேபிளில் உள்ள வோல்ட், மில்லி ஆம்பியர், நடுமுள் குறி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரவும். மல்டிமீட்டர் நான் கொண்டுவருகிறேன்.