நம்பிக்கைகளும் உண்மைகளும்: சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினால் நடிப்பா?

“நரம்பு டாக்டரே சைக்காலஜிஸ்ட்கிட்ட போகச் சொல்லிட்டார். அப்போ உடம்புல ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?”

மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஒரு மாமியார் என்னிடம் கேட்டார். அவர் மட்டுமா? கணவர்மார் கேட்கிறார்கள், படித்த அண்ணன்மார் கேட்கிறார்கள். மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., வந்தவர்களின் களைப்பைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன புரளி இது. பேசியே குறைக்க முடிகிற களைப்பு என்றால், அது மனசு கிளப்பிவிட்ட களைப்பாம்.

பக்கவாதத்தில் விழுந்த காலுக்கு பிசியோதெரபி கொடுத்து நடக்கவைக்கிறோம். பயிற்சியில் கால் எழுந்துவிட்டது, ஆகவே மூளையில் ரத்தக்குழாய் அடைக்கவே இல்லை என்று யாராவது சொல்வோமா?

எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை அரித்துவிடுகிறது. அப்புறம் சேதி தட்டுத்தடுமாறித்தான் போகும். விரலை அசைப்பது போன்ற சின்ன வேலைக்குக்கூட இவர்களுடைய மூளை கூடுதலான பகுதிகளை வேலை வாங்குவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் களைப்பைச் சொல்கிறார்கள். இத்தனை பேரும் பேசிவைத்துக்கொண்டா நடிக்கிறார்கள்?

ரோனா மாஸ்-மோரிஸ் என்ற உளவியலாளரின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் தொடங்கி, பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போனவர். அவரும் கர்ஸ்டன் வான் கெஸ்ஸலும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் 72 எம்.எஸ். நோயாளிகள் இருந்தார்கள். ஒரு பாதிக்கு சி.பி.டி. எனும் அறிவுசார் நடத்தை சிகிச்சை, மறுபாதிக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி, வாரத்துக்கு ஒன்றாக 8 அமர்வுகள். இரு பக்கமும் களைப்பு குறைந்தது, சி.பி.டி. பக்கம் கூடுதலாகக் குறைந்தது. இதைக் காட்டித்தான் “பார்த்தீர்களா, மனசுதான்” என்கிறார்கள். ஆய்வு செய்தவர்கள் சொன்னதோ வேறு. தீ மூட்டுவது நோய். அதற்கு விறகு போடுவது, நல்ல நாள் ஒன்று வாய்த்ததும் வீட்டுவேலை அத்தனையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் சுருண்டு கிடப்பது, ஒவ்வொரு அசதியையும் “நோய் முற்றுகிறது” என்று படித்துக்கொள்வது, கெட்டுப்போன தூக்கம், சோர்ந்த மனம். விறகை உருவத்தான் சைக்காலஜிஸ்ட்களான நாங்கள் இருக்கிறோம். தீயே இல்லை என்று எவரும் சொல்லவில்லை.

இன்னும் சந்தேகமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தி 2024இல் வெளியான ஆய்வில் 336 பேர். சிலருக்கு மோடஃபினில் மாத்திரை, சிலருக்குத் தொலைபேசி வழியே சி.பி.டி., சிலருக்கு இரண்டும். 12 வாரத்தில் மூன்று குழுவிலும் களைப்பு ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. மாத்திரைக்குக் கேட்டால் உடல் நோய், பேச்சுக்குக் கேட்டால் நடிப்பு என்றால், இரண்டும் வாங்கியவர்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அதற்காக மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள். “களைப்புக்கென்றே மாத்திரை இருக்கிறது” என்பதும் அரைகுறைப் பேச்சுதான். அதே மோடஃபினிலையும் வேறு இரண்டு மருந்துகளையும் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. 141 பேரில் மூன்றுமே போலி மாத்திரையை வெல்லவில்லை. பக்கவிளைவில் மட்டும் முந்தின.

“படுத்து ஓய்வெடுத்தால் போதும்” என்பது 1996இலேயே காலாவதியான அறிவுரை. அந்த ஆண்டு வெளியான ஆய்வில், அமெரிக்காவின் யூட்டாவில் 15 வாரம் உடற்பயிற்சி செய்த எம்.எஸ். நோயாளிகளுக்குத் தெம்பு கூடத்தான் செய்தது. வெயிலில் போய்வந்து கண் மங்கினால் நோய் முற்றிவிட்டதாக அழுகிறவர்களுக்கு: 1890இலேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இப்படி மங்குவதை எழுதிவைத்துவிட்டார், பின்னால் வந்தவர்கள் சூடுதான் காரணம் என்று கண்டார்கள். உடம்பு குளிர்ந்தால் பெரும்பாலும் சரியாகும். ‘நரம்புத் தளர்ச்சி’ லேகியக்காரர்களுக்குச் செலவழிக்க என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

ஒன்றை மட்டும் இப்படித் தள்ளிவிட முடியவில்லை. “இந்த நோய் வந்தால் மனசு சோரத்தானே செய்யும்” என்று ஆறுதல் போலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவமனைக்கு வரும் எம்.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேரை வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய் பிடிக்கிறது. களைப்பும் அதுவும் ஒன்றல்ல, ஒன்றையொன்று வளர்க்கும். இதற்குச் சிகிச்சை உண்டு. “இயல்புதானே” என்று விட்டுவிடுவது ஆறுதல் ஆகாது, அலட்சியம்.

அந்த மருமகள் ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று புடவை விரிக்கிறவர். எம்.எஸ்., 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே திருத்தியது. நான் எட்டு வாரம் பேசிக் குறைக்கிற களைப்பை அந்தக் கடை ஒரே தீபாவளி விற்பனையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் கிடக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். இல்லையென்றால், பில் போடுவதற்கு முன் முதலாளியிடம் கேளுங்கள்.