மேசை மீதே முதலில் ஓடட்டும்: முதல் கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்வதும் பழுது கண்டுபிடிப்பதும்

கேமிங் கம்ப்யூட்டரை முதன்முதலாக அசெம்பிள் செய்பவர்கள் பலரும் மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் பூட்டி, எல்லா வயரையும் பின்பக்கம் இழுத்துக் கட்டி, கண்ணாடிக் கதவையும் மூடிய பிறகே முதல் தடவையாக சுவிட்சைப் போடுகிறார்கள். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கோளாறு ராமிலா, பிராசஸரிலா, கிராபிக்ஸ் கார்டிலா, எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலா, மானிட்டர் கேபிளிலா என்று எல்லாவற்றையும் பிரித்துத் தேட வேண்டியிருக்கிறது. இந்தத் தேடலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கேபினெட்டுக்கு வெளியே, மேசை மீது, மிகக் குறைந்த பாகங்களோடு முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓடுகிறது என்று உறுதியான பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பின்னாளில் பழுது வந்தாலும், சேர்த்த அதே வரிசையில் பின்னோக்கிப் போனால் போதும்.

எதை வாங்குவது

1080பி மானிட்டரில் நன்றாக ஆட ஒரு கணக்கு: ரைசன் 5 7600 பிராசஸர், பி650 சிப்செட் மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 5060 அல்லது அதற்கு நிகரான கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, நல்ல பிராண்டில் 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ். இந்தக் கட்டுரையில் இதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 7600-ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது; 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. பின்னாளில் மதர்போர்டை மாற்றாமலே பிராசஸரை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, இந்தப் பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கேம் ஆட அது போதாது. ஆனால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே டிஸ்ப்ளே வரவழைக்கலாம் என்பதால் பழுது பார்க்கும்போது பெரிய உதவி. பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று முடியும் மாடல்களில் இந்த வசதி கிடையாது.

பட்ஜெட் இடித்தால் பலர் முதலில் கை வைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில். அங்கே கை வைக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் லேபிளில் 500 வாட் என்று போட்டிருந்தாலும் அதை உண்மையில் தருமா என்பதற்கு உத்தரவாதமில்லை. ரைசன் 5 7600 முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 90 வாட் எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 எடுப்பது 145 வாட். மதர்போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டை ஒட்டித்தான் வரும். ஆகவே வாட் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. ஐந்து வருட வாரண்டி தரும் தரமான 550 வாட், பெயர் தெரியாத 750 வாட்டைவிட மேல்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பிராசஸரை சீல் உடையாத பாக்ஸில் வாங்குங்கள். பாக்ஸில் வருவதற்குக் கம்பெனியே மூன்று வருட வாரண்டி தரும்; ‘ட்ரே பீஸ்’ என்று கூலர் இல்லாமல் விற்பதற்குக் கடைக்காரரின் வார்த்தைதான் வாரண்டி. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்கப்படும் கார்டுகளில் பல, 2304 கோர்களுக்குப் பதிலாக 2048 கோர்கள் மட்டுமே கொண்ட வேறு வகை.

மேசை மீது

மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியே நல்ல மேடை. பெட்டி மேல் போர்டை வையுங்கள். அது சுற்றி வந்த பளபளப்பான கவரை அடியில் விரிக்க வேண்டாம். அந்தக் கவரின் வெளிப்பக்கம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். வேலையைத் தொடங்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

பிராசஸரை வைப்பதுதான் முதல் முறை செய்பவரின் கை நடுங்கும் இடம். ஏஎம்5-ல் பின்கள் எல்லாம் மதர்போர்டில் இருக்கின்றன, மொத்தம் 1718. தலைமுடி கனத்தில் வளைந்து நிற்கும் அவற்றில் ஒன்று மடங்கினாலும் போர்டே வீணாகலாம். சாக்கெட் பக்கத்திலுள்ள இரும்பு லீவரை அழுத்தி, வெளிப்பக்கம் தள்ளி, மேலே தூக்குங்கள். சட்டத்தைத் திறந்தால் சாக்கெட் தெரியும். பிராசஸரின் மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கும். சாக்கெட்டின் மூலையிலும் ஒரு முக்கோணம் இருக்கும். இரண்டையும் ஒரே மூலையில் சேர்த்து, ஓரங்களைப் பிடித்து, மேலிருந்து நேராக இறக்குங்கள். அழுத்தக் கூடாது, தேய்த்து நகர்த்தவும் கூடாது. சரியாக வைத்தால் தானே பொருந்தி அசையாமல் நிற்கும். பிறகு சட்டத்தை மூடி லீவரை இறக்குங்கள். இந்த இடத்தில் நல்ல அழுத்தம் தேவைப்படும், லேசாக முறுகுகிற சத்தமும் வரும். பயப்பட வேண்டாம். லீவர் இறங்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று மேலே வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். மதர்போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடி சாக்கெட் மேல் இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் கேட்கும்.

ராமை, பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். அப்போதுதான் டூயல் சேனலில் ஓடும். ராமின் நடுவிலுள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனைகளையும் ‘டக்’ என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். டிஸ்ப்ளே வராத புது கம்ப்யூட்டர்களில் பல, ராம் முழுதாக இறங்காததால் நின்றவையே. டிடிஆர்5-ல் நான்கு ராம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேகம் நன்றாகக் குறைந்துவிடும்.

7600-உடன் வரும் கூலரின் அடியில் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும். சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றிவிட்டு, கூலரின் நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வேறு கூலர் வாங்கியிருந்தால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தால் போதும். கூலர் ஃபேன் வயரைப் போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று எழுதியுள்ள இடத்தில் செருகுங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டே கேபிள்கள்: அகலமான 24 பின், போர்டின் மேல் மூலைக்குப் போகும் 8 பின். இந்த 8 பின் கேபிளையும் கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிளையும் மாற்றிச் செருக முயல்வோர் உண்டு. நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் செருகும் மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிள்களைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். கனெக்டர் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எஸ்எஸ்டியும் மதர்போர்டும் புகைந்துவிடும்.

மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் இணைத்து, ‘பவர் சுவிட்ச்’ என்று குறித்துள்ள இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஃபேன் சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். உடனே ஆஃப் செய்துவிடாதீர்கள். டிடிஆர்5 போர்டு முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். நடுவில் தானே ஆஃப் ஆகி ஆன் ஆகவும் செய்யும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மதர்போர்டின் அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரை வந்து, பிராசஸர் பெயரும் ராம் அளவும் சரியாகத் தெரிந்தால் கடினமான பகுதி முடிந்தது. ஆஃப் செய்து, எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்க வைத்து ஸ்க்ரூ போட்டு, மறுபடி ஓட்டிப் பாருங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டைச் செருகி, அதன் பவர் கேபிளைப் போட்டு, மானிட்டர் கேபிளைக் கார்டுக்கு மாற்றி ஓட்டுங்கள்.

கேபினெட்டுக்குள்

போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப்கள் போர்டில் உள்ள துளைகளுக்கு நேராக மட்டுமே இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக இருந்தால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும். மேசை மீது ஓடியது கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கத்தது வெளியே தள்ள வேண்டும். முன்பக்க யுஎஸ்பி 3.0 கேபிளை நேராகப் பிடித்துச் செருகுங்கள்; சாய்த்தால் பின் வளையும்.

விண்டோஸ் போட்ட பிறகு பயாஸில் எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி. இதைச் செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ராம் பெரும்பாலும் 4800-ல்தான் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் 60-ல்தான் நிற்கும்.

பழுது வந்தால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, பயாஸையும் அப்டேட் செய்துவிட்டு ஓடினால், எது கோளாறு என்று தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்.

சுவிட்ச் போட்டும் சலனமே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சின்ன சுவிட்ச், சுவர் பிளக், கேபினெட் பட்டனிலிருந்து வரும் வயர் என்று பாருங்கள். கேபினெட் பட்டனே கெட்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் பின்களைத் தொட்டால் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை என்றால் முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, பெரும்பாலான புது மதர்போர்டுகளின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். ஆன் ஆகும்போது இவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும். எதில் வந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். சிபியு விளக்கில் நின்றால் 8 பின் கேபிள், பிராசஸருக்கு ஏற்ற பயாஸ் பதிப்பு, வளைந்த பின் என்று பாருங்கள். டிராமில் நின்றால் ஒரே ஒரு ராமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதைப் போடுங்கள். பழைய ராம் என்றால் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டுப் போடும் நம்மூர் மெக்கானிக்குகளின் வழக்கம் உண்மையில் பலன் தருகிறது. விஜிஏவில் நின்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மீண்டும் செருகுங்கள், அதன் பவர் கேபிளைப் பாருங்கள். பூட்டில் நின்றால் போர்டு நன்றாக இருக்கிறது. எஸ்எஸ்டியோ விண்டோஸோதான் காரணம். பயாஸில் எதையோ மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டிலுள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

கேம் நடுவே பட்டென்று ரீஸ்டார்ட் ஆவது வேறு வகைச் சிக்கல். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் போச்சு என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். முறையாக ஆஃப் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள். ரைசன் 7000 பிராசஸர்கள் 95 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆனால் கேமில் 7600 அந்த எல்லையிலேயே நின்றால் கூலர் சரியாக உட்காரவில்லை. வெப்பம் சரியாக இருந்தால் எக்ஸ்போவை ஆஃப் செய்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் சந்தேகம் ராம் மேல்தான், மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிட்டு உறுதி செய்யலாம். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். அதோடு நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்பட இப்போது நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. நண்பரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை, அதன் கேபிள்களோடு, ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டருக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி சர்க்யூட் கசியவிடும் சிறு மின்சாரத்துக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் தேங்குகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடும்வரை அந்த பாயின்ட்டில் ஓட்டாதீர்கள். கரண்ட் போகும்போது யுபிஎஸ் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதென்றால் யுபிஎஸ்ஸின் அளவைப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கேம் ஓடும் கம்ப்யூட்டரோடு மானிட்டரும் ஸ்பீக்கரும் அதிலேயே தொங்கினால் மின்சாரம் போன அந்த நொடியில் அது ட்ரிப் ஆகிவிடும்.

பாகம் ஒன்று உண்மையிலேயே கெட்டது என்று முடிவானால் சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் செய்து பார்த்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விளக்கில் நின்றது, எந்த ஸ்லாட்டில் எந்த ராம், வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் என்ன ஆனது. கோளாறு நடக்கும்போது ஃபோனில் வீடியோவும் எடுத்து வையுங்கள். கவுன்டரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ‘நல்லாத்தானே ஓடுது’ என்று திருப்பித் தருவதற்கு அப்போது இடமிருக்காது. பில்லின் நகல், பெட்டி, சாக்கெட் மூடி எல்லாம் கூடவே போகட்டும்.