குறி தப்புவது கையாலா, பெல்லட்டாலா?

நம் சங்கக் குடும்பங்களில் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகள் இப்போது சிலர் உண்டு. கடலூரில் பிறந்து நம் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதை அவர்கள் அறிவார்கள். பெற்றோர்களும் ரைபிள், ஜாக்கெட், கையுறை என்று தாராளமாகச் செலவு செய்கிறோம். ஆனால் குறியைச் சென்று தொடுவது ஈய பெல்லட் ஒன்றுதான். இங்கே கடைக்காரர் 'சர்ரா' என்று எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வருகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதன் பலனை என் பேத்தி அனுபவித்தாள்.

நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று பத்துகளுக்கு நடுவே எட்டும் ஒன்பதும் விழ ஆரம்பித்தன. "என் கைதான் சரியில்லை தாத்தா" என்று மூன்று மாதம் அழுதாள். புது ரைபிள் வாங்க மாப்பிள்ளை கடனுக்கு விசாரித்தார். ஒரு நாள் தற்செயலாக அவள் பையைப் பார்த்தேன். தகர டின் இடத்தை அடைக்கிறதே என்று நானே பெல்லட்டுகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக் கொடுத்திருந்தேன். ஸ்கூட்டரில் குலுங்கிப் பாதிக்கு மேல் ஓரம் நசுங்கிக் கிடந்தன. ரயில்வே பட்டறையில் பேரிங்கை அளந்து பார்க்காமல் பொருத்த விடாதவன் நான்! அதன் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே தருகிறேன்.

கால் மில்லிமீட்டரின் விலை

10 மீட்டர் ரைபிள் குறி அட்டையில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் மையம் குறியின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. அதற்குள்ளும் 10.0 முதல் 10.9 வரை தசமப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு தசமத்துக்கும் கிடைக்கும் இடம் 0.25 மி.மீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் இளவேனில் 60 குண்டுகளில் 630.7 எடுத்தார். சராசரி பத்தரைக்கு மேல். அதற்கும் பத்தாம் இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேருக்கே அனுமதி.

பெல்லட்டின் அமைப்பு

முன்னால் தலை, நடுவே ஒடுங்கிய இடை, பின்னால் மெல்லிய பாவாடை. போட்டிக்குத் தட்டைத் தலைதான் ஏற்றது. அட்டையில் வட்டமாகச் சுத்தமான துளை போடும். குழலின் உட்புறச் சுருள்வரிகளைப் பற்றித் தலை நேராகச் செல்கிறது. பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கிறது. அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், குழல்வாயை விட்டு வெளியேறும் கணத்தில் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டு பெல்லட்டைச் சாய்த்துவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. எடை: ரைபிளுக்குப் பெரும்பாலும் 0.53 கிராம், பிஸ்டலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு.

2. தலை அளவு: டின்னில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். எது சிறந்தது என்பதை அந்தந்தக் குழல்தான் சொல்ல வேண்டும். நண்பரின் ரைபிளுக்குப் பொருந்தியது உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம்.

3. சோதனை: கிளப்பில், பயிற்சியாளர் முன்னிலையில், ரைபிளை வைஸில் பொருத்தி ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுடுங்கள். வகை மாற்றியதும் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். துளைக் கூட்டத்தின் வெளி அகலத்தை வெர்னியரால் அளக்கவும். 9.5 மி.மீ.யைத் தாண்டினால், கை ஆடாமலே பத்து தவறக்கூடும் என்று பொருள். 6 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல பெல்லட். ஒரு முறை அமைந்ததை நம்பாமல் மூன்று நான்கு முறை பாருங்கள்.

4. தொகுதி எண்: ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றாலும் தொகுதிக்குத் தொகுதி மாறும். பொருந்திய எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் போட்டிக் காலம் முழுமைக்கும் சேர்த்து வாங்குங்கள்.

தயார் செய்யும் முறை

ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாவாடை வட்டமாக இருக்கிறதா, ஈயப் பிசிறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சற்றுச் சாய்த்த கண்ணாடித் தகட்டில் உருட்டினால், தலைக்கும் பாவாடைக்கும் உள்ள அளவு வேறுபாட்டால் எல்லாம் ஒரே வளைவில் ஓடும். வழி மாறி ஓடுவதைக் கழியுங்கள். கழித்ததைப் பயிற்சிக்கும் கொடுக்காதீர்கள். குழந்தை தன் கையைத்தான் குறை சொல்லும்.

நல்ல போட்டி பெல்லட்டைக் கழுவவோ எண்ணெய் பூசவோ தேவையில்லை. ஸ்பிரிங் ரைபிளில் எண்ணெய் போட்டால் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொண்டு வேகம் தாறுமாறாகும், சீலும் கெடும். பெல்லட் அதன் டின்னிலேயே இருக்கட்டும். மேலே உள்ள ஸ்பாஞ்சை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மூடியை இறுக்கி வையுங்கள். ஈரத்தில் ஈயம் வெளுத்துப் பொடியும்.

கடைசியாக ஒன்று. ஈயம் நஞ்சு, வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடவே கூடாது. அந்தக் கையோடு தின்பண்டம் தொடக் கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையலறைத் தட்டு, தராசு எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டில் புது ரைபிள் வாங்கவில்லை. இரண்டு புது டின்கள்தான் வாங்கினோம். இப்போதும் ஒன்பது விழத்தான் செய்கிறது. "இது என் கைதான் தாத்தா, மூச்சை விட்டுட்டேன்" என்று சிரிக்கிறாள். தவறு எங்கே என்று அவளுக்குத் தெரிகிறது. இனித் திருத்துவது பயிற்சியாளரின் வேலை. பிள்ளையின் கையைக் குறை சொல்லுமுன் டின்னைத் திறந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.