அகத்தவரோ, புறத்தவரோ? கடை முகாமையாளர் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

கடையொன்றில் முகாமையாளர் பதவி வெற்றிடமாயின், உள்ளே பணிபுரிவோருள் ஒருவரை உயர்த்துவதா, வெளியிலிருந்து ஒருவரை வருவிப்பதா என்னும் வினா எழுகின்றது. நம் பழைய மாணவருட் பலர் வாணிகத்திலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பொறுப்பேற்போராதலின், இதனை ஈண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

வள்ளுவர் இப்பொருளை இரண்டு அதிகாரங்களில் வகுத்துள்ளார். 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். முன்னது ஆளை ஆராய்ந்து நம்புதல். பின்னது அவரை ஏற்ற வினையில் அமர்த்தி ஆளுதல். ஒருவர் நல்லவர் என்பது வேறு. இவ்வினைக்கு உரியவர் என்பது வேறு.

நம் நாட்டுச் சங்கக்கடைகளின் வரலாறு இதனை விளக்கும். 1911இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பங்கீட்டின் பொருட்டுப் பண்டகசாலைகள் பெருகின. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1970ஆம் ஆண்டையடுத்து, ஏறக்குறைய 5000 சிறு சங்கங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 400க்கும் குறைந்த பெருஞ்சங்கங்களாயின. ஒரு கடையின் கணக்கை ஆண்டவர்க்கும் பல கிளைகளை ஆள்பவர்க்கும் வேண்டிய ஆற்றல் ஒன்றன்று. நேர்மை மாறவில்லை, வினை மாறிற்று.

இனி, அகத்தவரை உயர்த்துதலின் நன்மைகளைக் காண்போம். கடனுக்கு வாங்குவோருள் தவணை தவறாதவர் யார், எப்பொருள் எத்திங்களில் விலைபோகும், எம்மூட்டை இருப்பிற் கெடும் என்பனவற்றை அவர் அறிவார். கீழ்ப்பணியாளருக்கும் நம்பிக்கை பிறக்கும். அமெரிக்காவில் ஜே. சி. பென்னி என்பார் கடை ஊழியராயிருந்து, முதலாளிகளால் பங்காளராக்கப்பட்டு, 1902இல் ஒரு கடையைத் தொடங்கினார். பின்னர், தமக்கடுத்த ஒருவரைப் பயிற்றித் தந்த முகாமையாளர் புதிய கடையிற் பங்கு பெறலாம் என்னும் முறையை வகுத்தார். பிறரை வளர்த்தவரே தாமும் வளர்ந்தனர்.

2011இல் மத்தியூ பிட்வெல் என்னும் அறிஞர் அமெரிக்க முதலீட்டு வங்கியொன்றை ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்தோர், உள்ளிருந்து உயர்ந்தோரினும் ஏறக்குறைய 18 வீதம் கூடிய ஊதியம் பெற்றனர். எனினும் முதலிரண்டு ஆண்டுகளில் அவர்தம் பணித்திறன் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. ஆயினும் அவர்கள் கல்வியிலும் அனுபவத்திலும் மிக்கவராயிருந்தனர்.

மறுபுறமும் நோக்குதல் வேண்டும். விற்பனை ஊழியர் பற்றி 2019இல் வெளியான ஆய்வொன்று, மிகுதியாக விற்றோரே மிகுதியும் பதவியுயர்வு பெற்றனர் என்றும், அத்தகையோர் மேலாளராய்ச் சிறத்தல் குறைவென்றும் காட்டியது. விற்கும் திறன் வேறு. விற்போரை நடத்தும் திறன் வேறு. மேலும், உறவும் கட்சியும் பார்த்துத் தரப்படும் பதவி, அகத்தேர்வு என்னும் பெயருக்கே இழுக்காகும்.

களுதாவளை வெற்றிலைத் தோட்டக்காரர் இதனை நன்குணர்வர். மண்ணோடு பழகிய தம் கொடியினின்று துண்டு வெட்டி நடுதல் எளிது. ஆனால் தோட்டம் முழுவதும் நோய் பற்றினால், அதே கொடியை மீண்டும் நடுவார் எவர்? அப்பொழுது பிறவூர்க் கொடியே துணை. கடையும் அத்தகையதே. கணக்கு நேராயும் ஊழியர் ஒழுங்காயும் இருக்குங்கால் உள்ளிருந்து உயர்த்துக. இருப்புக் குறைவும் கையாடலும் பழக்கமாகிவிட்ட கடைக்குப் புறத்தவரே தக்கார்.

ஆதலின் மூன்று நெறிகளைக் கூறுவோம். ஒன்று, வெற்றிடம் வருமுன்பே உதவியாளருக்குக் கணக்கும் கொள்வனவும் பயிற்றுதல். இரண்டு, சிலகாலம் பதிற்கடமையில் அமர்த்தி ஆராய்தல். மூன்று, அகத்தவர்க்கும் புறத்தவர்க்கும் ஒரே அளவுகோலை வைத்தல்.

சங்கக்கடை நலிந்தால் முதலில் வருந்துவது அன்றாடம் அரைக்கொத்து அரிசி வாங்கும் ஏழையே. நிருவாகக் குழுக்களில் அமரும் பழைய மாணவர்காள், இதனை மறவற்க. கடையில் உதவியாளராய்ப் புகவிருக்கும் மாணவர்காள், தராசு பிடிக்கும் நாளிலேயே பேரேட்டையும் பயில்க. தகுதியுடையாரைத் தேடிப் பதவி உள்ளேயே வரும் நிலை நம்மூரில் ஓங்குக!